தொண்டிலும் அளவறிதல்

பிறருக்குப் பயன்பட வாழ்வதே மனிதப் பிறவிக்கு அணி என்பதில் நம்முள் எவருக்கும் ஐயமில்லை. ஈகையின் சிறப்பையும் தொண்டின் உயர்வையும் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் இடையறாது எடுத்துரைத்து வருகிறோம். ஆயினும், ஏற்றுக்கொண்ட தொண்டுகளை எப்போது, எவ்வாறு குறைத்துக்கொள்வது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பேசினால், சோம்பலுக்குச் சாக்குத் தேடுவதாகப் பிறர் எண்ணிவிடுவரோ என்னும் கூச்சம் தடுக்கிறது. எழுபது வயதைக் கடந்த பலரும் தமக்குள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கும் இவ்வினாவை இவ்விதழின் வாசகப் பெருமக்கள் முன் வைத்து ஆராய விழைகிறோம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் மனமுவந்து ஏற்ற தொண்டுகளை, உடல் தளரும் காலத்தில் குறைத்துக்கொள்வது அறமாகுமா? அல்லது அறத்தினின்று வழுவுதல் ஆகுமா?

முடியும் நாள் தெரியாத பணி

அரசு தன் ஊழியர்க்கு ஓய்வு வயதை விதித்திருக்கிறது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் 58 ஆக இருந்த அவ்வயது 2020ஆம் ஆண்டில் 59 எனவும், 2021ஆம் ஆண்டில் 60 எனவும் உயர்த்தப்பட்டது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியர், மாணவரின் படிப்புத் தடைப்படாதிருக்கும் பொருட்டு, அக்கல்வியாண்டு முடியும் வரை மறுநியமனம் பெற்றுப் பணியாற்றும் முறையும் உண்டு. எப்போது நிறுத்துவது, எவரிடம் ஒப்படைப்பது என்பவற்றுக்கெல்லாம் அங்கே விதிகள் உள்ளன. தொண்டுக்கோ அத்தகைய விதி ஏதுமில்லை. தொடங்கிய நாள் நினைவிருக்கும். முடியும் நாள் எவருக்கும் தெரியாது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை ஊரார் எவ்வாறு நாடி வருகின்றனர் என்பதை நாம் அறிவோம். அவருக்குக் கணக்கு எழுதத் தெரியும். மேடையில் நான்கு சொல் பேசத் தெரியும். பகலில் வீட்டில் இருப்பார். எனவே ஜினாலயத் திருப்பணிக் குழுவுக்கு அவர் பொருளாளர் ஆகிறார். மகளிர் மன்றத்துக்குத் தலைவி ஆகிறார். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு எடுக்கிறார். மாலையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். கண் சிகிச்சை முகாம் என்றால் பெயர் எழுதும் மேசையில் அவர் இருக்க வேண்டும். வரன் தேடும் குடும்பங்களும் அவரிடமே வருகின்றன. 1990களில் அறிவொளி இயக்கத்தில் முதியோருக்கு எழுத்துக் கற்பித்த கைகள் பல, 2021ஆம் ஆண்டில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோதும் முன்வந்தன. மனத்தின் பழக்கம் மாறவில்லை. ஆனால், நாற்பதில் இருந்த கால்கள் எழுபதில் இல்லை.

இவற்றுள் எதுவும் வற்புறுத்தி ஏற்றப்பட்டதன்று. எதுவும் தனியே பார்த்தால் பெருஞ்சுமையும் அன்று. திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் எடுத்தாண்ட பீலி வண்டி உவமையை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அங்கே அவர் கல்லையோ இரும்பையோ கூறாமல், நிறையில் மிக எளிய மயிற்பீலியைக் கூறினார் என்பது நாம் நின்று நினைக்கத் தக்கது. நம் முனிவர் பெருமக்கள் சிற்றுயிர்க்கும் ஊறு நேராதவாறு இடத்தைத் தூய்மை செய்யக் கையில் ஏந்துவதும் அப்பீலியே. மென்மையானதும் தூயதுமான பொருள்கூட வண்டியின் வலியறியாது ஏற்றப்பட்டால் சுமையாகிவிடும். நற்செயல்களுக்கும் இது பொருந்தும்.

ஓய்வூதியம் வரும், ஓய்வு வராது

பெண்களைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் சிக்கலானது. ஓய்வு பெற்ற ஆடவர் காலையில் செய்தித்தாளுடன் திண்ணையில் அமரலாம். ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு ஓய்வூதியம் வரும், ஓய்வு வராது. அடுப்படி அவருக்கு விடுமுறை அளிப்பதில்லை. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, கணவரின் மருந்து வேளைகளைப் பார்ப்பது, சூரியன் மறையும் முன் வீட்டார் அனைவருக்கும் உணவு ஆக்கி முடிப்பது ஆகிய யாவும் எந்தக் குழுவின் ஏட்டிலும் எழுதப்படாத தொண்டுகள். "சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று மகனும் சொல்கிறார். சங்கச் செயலாளரும் சொல்கிறார்.

எனவே ஒரு பெண் தன் பொறுப்புகளைக் குறைக்க எண்ணினால், முதலில் வீட்டுப் பணிகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. "உங்களுக்கு முடியவில்லை, அந்த வகுப்பை விட்டுவிடுங்கள்" என்று பிள்ளைகள் பரிவோடு சொல்வர். அந்த வகுப்பு ஒருவேளை அவ்வம்மையாரின் நாளில் அவருக்கென்றே எஞ்சியிருக்கும் ஒரு மணி நேரமாக இருக்கலாம். அதை விடுத்து, வீட்டுவேலையில் ஒன்றை மருமகளோ மகனோ பேரனோ ஏற்றுக்கொள்வதே உண்மையான உதவியாக இருக்கலாம். எதைக் குறைப்பது என்பதைச் சுமப்பவரே தீர்மானிக்க வேண்டும். சுற்றியிருப்போர் தமக்கு வசதியானதைக் குறைத்துவிட்டு, அதனைப் பெரியவர் நலம் என்று சொல்லிக்கொள்ளல் ஆகாது.

எதிர்வாதம்

"உயிர் உள்ளவரை உழைப்பதே தொண்டு; இடையில் நிறுத்துவது தன்னலம்" என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் வலிமை உண்டு. பணி நின்றவுடன் மனம் சோர்ந்து படுக்கையில் விழுந்த முதியோரை நாம் கண்டிருக்கிறோம். மாலை வகுப்பை நம்பி வரும் சிறுமிக்கு ஆசிரியையின் மூட்டுவலி ஒரு விடையாகாது என்பதும் உண்மையே. இவற்றைப் புறந்தள்ளிவிட்டு முடிவு கூறுதல் நேர்மையன்று.

ஆசிரியர் பயிற்சி பெற்றோர் கல்வி உளவியலில் ஹேவிகர்ஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞரின் பெயரைப் படித்திருப்பர். மனிதன் ஒவ்வொரு பருவத்திலும் கற்றுத் தேற வேண்டிய வளர்ச்சிசார் செயல்கள் சில உண்டு என்றவர் அவர். நாம் குழந்தைப் பருவப் பட்டியலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். முதுமைப் பருவத்துக்கும் அவர் ஒரு பட்டியல் தந்திருப்பதை அப்போது கருதிப் பார்க்கவில்லை. குறைந்துவரும் உடல் வலிமைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளல் அதில் ஒன்று. சமூகத்துக்கும் ஊருக்கும் செய்ய வேண்டிய கடமைகளை நிறைவேற்றல் மற்றொன்று. இரண்டையும் ஒரே பட்டியலில் அவர் வைத்தார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விலக்கவில்லை.

1961ஆம் ஆண்டில் கம்மிங், ஹென்றி என்னும் இரு ஆய்வாளர்கள், முதியோர் சமூகத்திலிருந்து சிறிது சிறிதாக விலகுவது இயற்கை என்றொரு கொள்கையை வெளியிட்டனர். அதனை ஹேவிகர்ஸ்ட் போன்றோர் மறுத்து, ஈடுபாடு குறையாத முதியோரே மனநிறைவோடு வாழ்கின்றனர் என்றனர். பின்னர் 1990ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மன் நாட்டு உளவியலறிஞர்களான பால் பால்ட்டஸ், மார்கரெட் பால்ட்டஸ் தம்பதியர் இடைப்பட்ட வழியொன்றைக் காட்டினர். சிலவற்றைத் தேர்ந்துகொள்ளல், தேர்ந்தவற்றைச் செம்மைப்படுத்தல், இழந்த திறனுக்கு வேறு வகையில் ஈடுசெய்தல் என்பன அவ்வழியின் மூன்று கூறுகள். இதற்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ரூபின்ஸ்டைன் என்னும் புகழ்பெற்ற பியானோ கலைஞர். முதுமையிலும் எவ்வாறு இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது, வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டதாகவும், எடுத்துக்கொண்டவற்றை மேலும் பயின்றதாகவும், விரைந்து வாசிக்க வேண்டிய பகுதிக்கு முன் வேகத்தைச் சற்றுத் தணித்து, பின்வருவது விரைவாகத் தோன்றச் செய்ததாகவும் அவர் விளக்கினாராம். அவர் வாசிப்பை விட்டுவிடவில்லை; இளமையில் வாசித்த அனைத்தையும் கட்டிக்கொண்டு அழவும் இல்லை.

எதைக் கொள்வது, எதை விடுவது?

குறைக்கலாம் என்று ஒப்புக்கொண்டாலும், எதைக் குறைப்பது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. உளவியல் இதற்கு விடை கூறாது. இல்லறத்தார்க்கு நம் ஆன்றோர் வகுத்த அணுவிரதங்களையே உரைகல்லாகக் கொண்டு பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் பொய்யாமை. ஐந்து சங்கங்களின் கடிதத் தாள்களில் ஒருவரின் பெயர் அச்சாகியிருக்கிறது. அவர் மூன்றின் கூட்டங்களுக்கு ஓராண்டாகச் செல்லவில்லை. அப்பெயரைப் பார்த்து நன்கொடை அளிப்பவர், அவர் மேற்பார்வையில் பணி நடக்கிறது என்று நம்பி அளிக்கிறார். அவர் எவரிடமும் பொய் கூறவில்லை. ஆயினும் அந்தத் தாள் அவர் சார்பில் ஓர் உண்மையல்லாததைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆற்ற இயலாத பொறுப்பை மரியாதைக்காக வைத்திருப்பதைவிட, இயலாது என்று உரைத்தலே வாய்மைக்கு நெருங்கியது.

அடுத்துக் கள்ளாமை. பிறர்க்குரிய இடத்தை நிறைத்துக்கொண்டிருத்தல் நேர்ப்பொருளில் களவு ஆகாது. எனினும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. எவர் பிள்ளை அப்பள்ளியில் படிக்கிறதோ அவர் பேச வேண்டும் என்பதே அதன் கருத்து. அத்தகைய கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் வாய் திறந்தால் இளந்தாயார் வாய் மூடிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். அவர் பேச வேண்டிய நேரத்தையும், தவறிக் கற்க வேண்டிய வாய்ப்பையும் நம் அனுபவம் எடுத்துக்கொண்டு விடுகிறது.

கொல்லாமை என்னும் பேரறத்தில் தன்னுயிரும் அடங்கும். மயக்கம் வரும்வரை நின்று அன்னதானம் பரிமாறுவதும், மருத்துவர் விலக்கிய படிக்கட்டுகளை ஏறுவதும் வீரமாகப் பேசப்படலாம். அவர் விழுந்தால் அவரைத் தாங்க வேண்டிய மருமகளின் முதுகும் ஓருயிரின் முதுகே.

இறுதியாக, மிகுபொருள் விரும்பாமை. பொருள் என்றவுடன் நிலமும் பொன்னும் நம் நினைவுக்கு வருகின்றன. முப்பது ஆண்டுகள் ஆசிரியராய் இருந்தவர் பொன்னைச் சேர்த்திருக்கமாட்டார். ஆனால் "அம்மா இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது" என்னும் சொல்லைச் சேர்த்து வைத்திருப்பார். அச்சொல்லின் மீது எழும் பற்று, பொன் மீதுள்ள பற்றைவிட மெல்லியதாகையால், கண்ணுக்குத் தெரியாது.

இந்நான்கையும் கொண்டு உரசிப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கும். சில பொறுப்புகளில் நம் வரவை ஒரு முகம் எதிர்பார்க்கிறது. சிலவற்றில் ஒரு நாற்காலி எதிர்பார்க்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் சிறுமி, வாரம் ஒருமுறை பேச வருவாரா என்று வாயிலைப் பார்த்திருக்கும் தனித்த மூதாட்டி ஆகியோர் முகங்கள். தலைவர், பொருளாளர், சிறப்பு அழைப்பாளர் என்பன நாற்காலிகள். நாம் பெரும்பாலும் செய்வது என்ன? முடியவில்லை என்றவுடன் மாலை வகுப்பை நிறுத்துகிறோம். தலைவர் பதவியை வைத்துக்கொள்கிறோம். வகுப்புக்குத் தினமும் உடல் வேண்டும். பதவிக்கு ஆண்டில் நான்கு நாள் போதும் என்பது அதற்குக் காரணம். உடல் கணக்குக்கு இது சரியே. அறக் கணக்கில் வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும். வகுப்பை ஆறு நாளிலிருந்து இரண்டு நாளாக்கலாம். பிள்ளைகளை இருபதிலிருந்து ஐவராக்கலாம். நாற்காலியைப் பாதியாக்க இயலாது. அதை முழுமையாக விட்டெழலாம்.

மூன்று படிகள்

விடுதல் என்பது ஒரே நாளில் முடிவதன்று. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தாரின் பதினோரு நிலைகளை வகுத்துரைக்கின்றன. அவற்றுள் எட்டாவது ஆரம்பத் தியாகம். உழவு, வாணிகம், சேவகம் முதலிய தொழில் முயற்சிகளை விடுதல். ஒன்பதாவது பரிக்கிரகத் தியாகம். உடைமைகளின் மீதுள்ள உரிமையை விடுதல். பத்தாவது அனுமதித் தியாகம். உலகியல் காரியங்களில் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று இசைவும் ஆணையும் தருவதையே விடுதல். விரதம் பூண்டோர்க்கு உரிய இவ்வுயர் நிலைகள் யாவருக்கும் உடனே கைகூடுவன அல்ல. ஆனால் அவற்றின் வரிசைமுறை நமக்கு நல்ல பாடம்.

தொழிலை விடுவதற்கும் கருத்துச் சொல்வதை விடுவதற்கும் இடையே மற்றொரு படி இருக்கிறது. கருத்தை விடுதலே மேலான படியில் வைக்கப்பட்டிருக்கிறது. இதன் உண்மையை ஊர்தோறும் காணலாம். பெரியவர் ஒருவர் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறார். பாராட்டு விழாவும் நடக்கிறது. ஆனால் பீரோவின் சாவி அவர் வீட்டில் இருக்கிறது. வரவு செலவு ஏடு அவர் அலமாரியில் இருக்கிறது. புதிய செயலாளர் பந்தல்காரரை மாற்றினால், "என் காலத்தில் இப்படி இல்லை" என்று சொல் வருகிறது. அவர் பணியை மட்டுமே விட்டார். உடைமையையும் ஆணையையும் விடவில்லை. வெயிலில் அலையும் வேலை இளைஞருக்கும், தீர்மானிக்கும் வேலை பெரியவருக்குமாகப் பிரிந்துவிடுகிறது. அவ்விளைஞர் இரண்டாண்டில் சலித்து விலகினால், "இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்று நாமே பேசுகிறோம்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி நடக்கும் முறை இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. பயிற்சி பெறும் மாணவி பாடம் நடத்துவாள். வழிகாட்டி ஆசிரியை கடைசிப் பலகையில் அமர்ந்திருப்பார். கரும்பலகையில் பிழையாக எழுதினாலும், வகுப்பு இரைந்தாலும், அவர் எழுந்து வரமாட்டார். குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார், மணியடித்தபின் தனியே அழைத்துச் சொல்வார். வகுப்பின் நடுவே எழுந்து திருத்திவிட்டால், அப்பெண் அவ்வகுப்பின் கண்ணில் ஆசிரியையாக மீண்டும் நிற்க முடியாது. நாம் பல்லாண்டுகள் பிறர்க்குக் கற்பித்த இம்முறையைப் பொதுப்பணியை ஒப்படைக்கும்போதும் கைக்கொள்வது கடினமாகாது.

ஆதிநாதர் காட்டிய நெறி

இதற்கெல்லாம் முன்மாதிரியாக ஆதிபகவனின் வரலாறு நம் முன் நிற்கிறது. கற்பக மரங்கள் குன்றிய காலத்தில் வாழ வகையறியாது நின்ற மக்களுக்கு, வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழிலையும் ரிஷப தேவர் கற்பித்தார். மகள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் பயிற்றுவித்தார். நீலாஞ்சனையின் ஆடலிடையே நிலையாமையை உணர்ந்தபோது, பரதனுக்கும் பாகுபலி முதலான மற்றை மக்களுக்கும் நாட்டைப் பிரித்தளித்துவிட்டுத் துறவு பூண்டார். கற்பித்தல் முன்னும், ஒப்படைத்தல் நடுவும், விடுதல் பின்னுமாக அமைந்த வரிசை அது.

அதன்பின் நடந்தவற்றையும் நாம் எண்ண வேண்டும். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை அந்நாளில் எவரும் அறியார். பொன்னையும் மணியையும் யானையையும் கொணர்ந்து நீட்டினர். பகவான் வாய் திறந்து, "உணவு தாருங்கள்" என்று கூறவில்லை. மௌனமாக நடந்தார். அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் முற்பிறவி நினைவால் முறையறிந்து கருப்பஞ்சாறு அளித்த நாளை அட்சய திருதியையாக இன்றும் கொண்டாடுகிறோம். உலகுக்கே கற்பித்த பேராசான், துறந்தபின் தமக்கு வேண்டியதைக்கூட ஆணையாக உரைக்கவில்லை.

"நாம் விலகினால் இவர்கள் சண்டையிட்டுக்கொள்வார்கள்" என்பது பெரியோர் பலர் கூறும் காரணம். அவ்வச்சம் பொய்யன்று. பரதனும் பாகுபலியும் போருக்கு எழுந்தனர் அல்லரோ? ஆயினும் பகவான் அரண்மனைக்குத் திரும்பி வந்து தீர்ப்புக் கூறவில்லை. அருகிலிருந்த அமைச்சர்களே, இரு படைகளும் மாளாதவாறு நோக்கு, நீர், மல் என்னும் மூவகைப் போட்டியால் இருவர் மட்டும் பொருதுமாறு வழி கண்டனர். அப்போட்டியின் முடிவில்தான் பாகுபலிக்குத் துறவு மனம் பிறந்தது. தந்தை இல்லாத இடத்தில், இருப்போர் தம் அறிவால் குருதி சிந்தாத வழியைக் கண்டுகொண்டனர். நம் சங்கத்தின் பந்தல் செலவுப் பூசலையும் நம் பிள்ளைகள் தீர்த்துக்கொள்வார்கள்.

ஒப்படைக்க ஆளில்லாத ஊரில்

இவ்வளவும் படித்தபின், "எல்லாம் சரி, எங்கள் ஊரில் ஒப்படைக்க யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கும் குரல் நம் செவியில் விழுகிறது. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி வட்டாரங்களில் நம் சிற்றூர்கள் பலவற்றின் நிலை இதுவே. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாட்டிலும் இருக்கின்றனர். ஊரில் சில முதியவரும், பழமையான ஓர் ஆலயமும் எஞ்சியுள்ளனர். அங்கே எழுபத்தைந்து வயது அம்மையார் விளக்கேற்றுவதை நிறுத்தினால் விளக்கே இல்லை. இவ்வினாவுக்கு எளிய விடை கிடையாது. ஆயினும் சில வழிகள் உண்டு.

முதலாவது, ஆளைக் குறைக்க முடியாவிடில் பணியைப் பிரிப்பது. ஆலயக் கணக்கைச் சென்னையில் உள்ள மகள் கைபேசி வழியாகவே எழுதலாம். திருவிழா அழைப்பிதழை அங்கிருந்தே அச்சிடலாம். வெளியூரில் வாழும் குடும்பங்கள் முறை வைத்து, மாதத்தில் ஓர் ஞாயிறு வந்து அபிடேகப் பொறுப்பை ஏற்கலாம். ஊரில் இருப்பவர்க்கு அன்றாட விளக்கு மட்டும் எஞ்சும். இரண்டாவது, தலையில் இருப்பதைத் தாளில் இறக்குவது. எந்த நிலத்தின் குத்தகை எவ்வளவு, எந்தப் பூசைக்கு எவர் வீட்டு மரபு, பூட்டு பழுதானால் எவரை அழைப்பது, உபாத்தியாயருக்குச் சம்பளம் எந்நாளில் என்பன பெரும்பாலும் ஒருவர் நினைவிலேயே இருக்கின்றன. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் அவற்றை எழுதி வைத்தால், அதுவே ஒரு பெருந்தொண்டு. மூன்றாவது, பெரியதை விட்டுச் சிறியதைக் காத்தல். ஊர்வலமும் விருந்தும் ஓராண்டு நின்றால் குறையொன்றுமில்லை.

இவ்வளவு செய்தும் சில பணிகள் நின்றே போகும். அத்துயரை மறைக்க வேண்டுவதில்லை. ஒருவர் உடலை எரித்து நீட்டிக்கப்படும் பணி, அவ்வுடலோடு சேர்ந்து ஒரு நாள் திடீரென நிற்பதைக் காட்டிலும், அனைவரும் அறிய, உரிய நன்றியோடு முடித்துவைக்கப்படுவது மேல்.

விடும் முறை

குறைத்துக்கொள்ள முடிவு செய்தோர்க்கு நடைமுறைக்குரிய சிலவற்றைக் கூறி முடிக்கிறோம். ஓர் இரவில் வரும் சலிப்பிலும், கூட்டத்தில் எழும் கோபத்திலும் விலகல் கடிதம் எழுதலாகாது. ஆண்டுக் கணக்கு முடியும் மார்ச்சு 31, கல்வியாண்டின் இறுதி, சாதுர்மாசத்தின் நிறைவு போன்ற ஒரு நாளைக் குறித்து, ஆறு திங்களுக்கு முன்பே சொல்லிவிடுக. அவ்வாறு மாதமும் அடுத்தவரை அருகில் வைத்துக்கொண்டு செய்க. பதிவு பெற்ற சங்கமாயின், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி நிர்வாகிகள் மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவித்தல் வேண்டும். வங்கியில் கையொப்பத்தையும் மாற்றுதல் வேண்டும். சாவியையும் ஏடுகளையும் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைத்துக் கையொப்பம் பெறுக. அதன்பின் அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுக. கேளாதபோது, நலமா என்று விசாரித்து வருக.

காரணம் கூறுகையில், இல்லாத நோயைக் கூற வேண்டுவதில்லை. "என் வலிக்கு இவ்வளவுதான் இயலும்; இந்த இரண்டை நன்றாகச் செய்ய விரும்புகிறேன்" என்பது போதும். குற்ற உணர்வும் வேண்டா. மீளும் நேரத்தில் இன்னொரு பணியைத் தேடி நிரப்புவதும் வேண்டா. சாமாயிகத்துக்கு அமர்ந்தால் கடிகாரத்தைப் பாராமல் அமர முடிகிறதே, அதுவே அந்நேரத்தின் பயன்.

இளைய தலைமுறையினர்க்கு ஒரு சொல். பெரியவர் ஒருவர் "இயலவில்லை" என்று கூறும்போது, "நீங்கள் இல்லாமல் எப்படி?" என்று புகழ்ந்து அவரைக் கட்டிப்போடாதீர்கள். அப்புகழ்ச்சியில் அன்பு பாதி, நம் சோம்பல் பாதி. "இதை எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள். ஆசிரியராய் வாழ்ந்தவர் காதுக்கு அதைவிட இனிய சொல் வேறில்லை.

தொண்டை ஏற்கும்போது காட்டிய அதே கவனத்தோடு அதனைக் குறைத்துக்கொள்வோரும் அறவழியிலேயே நிற்கின்றனர். தம் வலியறிந்து, வாக்குப் பிறழாது, தமக்குப் பின் வருவோர்க்கு இடமளித்து, எஞ்சிய இரண்டொரு பணியை முகமலர்ச்சியோடு ஆற்றும் முதுமை நம் அனைவர்க்கும் வாய்ப்பதாக!